ஆனையைக் கட்டித் தீனி போடலாமா? பழைய ஆடம்பரக் கார் வாங்குவதற்கு முன்



கூரையைத் திறந்து மூடக்கூடிய, காற்றாய்ப் பறக்கக்கூடிய ஜெர்மன் நாட்டு ஆடம்பரக் காரைப் பற்றித் தோட்டத்து மக்களிடம் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் வியக்கலாம். காரணம் இருக்கிறது. புதிதாக விற்றபோது செல்வந்தர்கள் மட்டுமே வாங்க முடிந்த கார்கள், இருபது முப்பது ஆண்டுகள் கழிந்ததும், சில வேளைகளில் ஒரு புதிய உள்நாட்டுக் காரின் விலைக்கே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, இந்த விலைக்கு இனிக் கிடைக்காது" என்கிறான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் ஏறிவர வாடகைக்கு விட்டால், போட்ட பணம் இரண்டே ஆண்டில் திரும்பிவிடும் என்று கணக்கும் சொல்கிறான். அந்தக் கணக்கில் முதலாக வைக்கப்படுவது எது? தந்தை ஐம்பத்தைந்து வயது வரை உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணம். ஆகவே, இது நம் குடும்பத்துக்கும் உரிய பேச்சுத்தான்.

இன்று ஒரே ஒரு காரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டு ஜெனீவா கார்க் கண்காட்சியில் அறிமுகமாகி, 2001 வரை உற்பத்தி செய்யப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எல் வகைக் கார் அது. தொழிற்சாலைக்காரர்கள் அதை ஆர் 129 என்று குறிப்பிடுவார்கள். ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர், பன்னிரண்டு சிலிண்டர் என மூவகை இஞ்சின்களோடு அது வந்தது. ஐந்து லிட்டர் கொள்ளளவு கொண்ட எட்டு சிலிண்டர் இஞ்சின், தொடக்கத்தில் 326 குதிரைத்திறன் உடையதாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் அரை நிமிட நேரத்தில் கூரை தானே மடிந்து பின்னால் ஒளிந்துகொள்ளும். கார் கவிழப் போகிறது என்றால், இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு வளைவு 0.3 விநாடியில் துள்ளி எழுந்து தலையைக் காக்கும். அக்காலத்தில் இது பெரிய சாதனை, அதில் ஐயமில்லை.

ஆனால் நேயர்களே, ஒன்றை நினைவில் வையுங்கள். காரின் விற்பனை விலைதான் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. அதன் உதிரிப்பாகத்தின் விலையோ, பழுது பார்ப்பவரின் கூலியோ அதோடு சேர்ந்து குறைவதில்லை. செல்வந்தர் வாங்கிய காருக்குச் செல்வந்தர் வீட்டுச் செலவுதான் இன்றும் ஆகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இனி, இத்தகைய காரில் எது எது பழுதாகும், ஏன் பழுதாகும், வாங்குமுன் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் கூரை. செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரின் பின்பெட்டி எப்படி மேலே எழுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ள, உருளைக்குள் இருக்கும் தண்டு நீண்டு பெட்டியைத் தூக்குகிறது. இந்தக் காரின் கூரையும் அதே முறையில்தான் இயங்குகிறது. டிராக்டரில் ஒன்றோ இரண்டோ உருளைகள் இருக்கும். இந்தக் காரிலோ விரற்கடை அளவில் பத்துக்கும் மேற்பட்ட சிறு உருளைகள் இருக்கின்றன. கூரையின் கொக்கியைத் திறக்க ஒன்று, மூடியைத் தூக்க ஒன்று, துணியை இழுத்துப் பிடிக்க ஒன்று என்று ஆளுக்கொரு வேலை. ஒன்று தன் வேலையை முடித்ததா என்று சிறு சுவிட்சுகள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்தது அசையும்.

ஒவ்வோர் உருளைக்குள்ளும் எண்ணெய் கசியாதபடி தடுக்கும் வளையங்கள் உண்டு. ஆண்டுகள் ஆக ஆக அவை மென்மை இழந்து பிசுபிசுத்து உதிர்ந்துபோகும். கார் அதிகம் ஓடியதா, ஓடவில்லையா என்பது இதற்குக் கணக்கில்லை, வயதுதான் கணக்கு. முன் கண்ணாடிக்கு மேலே உள்ள உருளை கசிந்தால், எண்ணெய் ஓட்டுநரின் தலையிலும் மடியிலும் சொட்டும். கல்யாண மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் எண்ணெய் சொட்டினால் வாடகை கிடைக்குமா, வசவு கிடைக்குமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சோதிக்கும் முறை இதுதான். இஞ்சினை ஓடவிட்டு, கூரையை மூன்று முறை முழுமையாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். நடுவழியில் நிற்கிறதா, ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தி வருகிறதா என்று பாருங்கள். பிறகு முன் கண்ணாடியின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டக்கூடாது. "ஒரு சின்ன சுவிட்சுதான் கெட்டுப்போயிருக்கிறது, ஐம்பது வெள்ளியில் முடிந்துவிடும்" என்று விற்பவர் சொன்னால், அந்த ஐம்பது வெள்ளியை அவரே செலவு செய்து சரிப்படுத்திக் காட்டட்டும். அத்தனை எளிது என்றால், ஏன் அவர் அதைச் செய்யாமல் வைத்திருக்கிறார்?

இன்னொரு தந்திரமும் உண்டு. இந்தக் காருக்குத் துணிக்கூரையோடு, கழற்றி மாட்டக்கூடிய அலுமினியக் கூரை ஒன்றும் உண்டு. விற்கும்போது அதை மேலே மாட்டியே வைத்திருப்பார்கள். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். "இப்போது ஆள் இல்லை, பிறகு பார்க்கலாம்" என்பார்கள். அதற்கு இணங்காதீர்கள். அடியில் மடிந்து கிடக்கும் துணி பூசணம் பிடித்திருக்கலாம், தையல் விட்டிருக்கலாம், பின்னாலுள்ள பிளாஸ்டிக் சன்னல் மஞ்சளாகி வெடித்திருக்கலாம். நம் நாட்டு ஈரக்காற்றில், மடித்து மூடி வைத்த துணி என்னவாகும் என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இரண்டாவது, இஞ்சினுக்குச் செல்லும் வயர்க்கட்டு. இது கண்ணுக்குத் தெரியாத எதிரி. ஏறத்தாழ 1992 முதல் 1995 வரை தயாரான பல மெர்சிடிஸ் இஞ்சின்களில், செம்புக் கம்பியைச் சுற்றியுள்ள உறை, காலப்போக்கில் மக்கிப்போகும் பொருளால் ஆனது. இஞ்சினின் சூட்டில் அந்த உறை காய்ந்து, பழைய அப்பளம்போல் நொறுங்குகிறது. அப்போது கம்பியோடு கம்பி உரசும். இஞ்சின் குலுங்கும்; திடீரென்று நின்றுபோகும்; மோசமாகப் போனால் இஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியையே கெடுத்துவிடும். காற்றை அளந்துவிடும் திராட்டல் கருவிக்குள் இருக்கும் வயர்களுக்கும் இதே கதிதான்.

இந்த ஆண்டுகளைச் சேர்ந்த காராக இருந்தால், வயர்க்கட்டு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். வாய்ச்சொல் போதாது, ரசீது வேண்டும். ரசீது இல்லை என்றால், தெரிந்த மின்பழுது பார்ப்பவரை அழைத்துச் சென்று, வெளியுறையைச் சற்று விலக்கி உள்ளே இருக்கும் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைத்ததும் உறை உதிர்ந்தால், அது மாற்றப்படாத பழைய கட்டு என்பது உறுதி.

மூன்றாவது, கித்தா. ஆம் நேயர்களே, நாம் நன்கறிந்த அதே கித்தாதான். ஒரு காரில் எத்தனை இடத்தில் கித்தா இருக்கிறது தெரியுமா? இஞ்சினைத் தாங்கும் மெத்தைகள், சக்கரங்களைத் தாங்கும் கைகளின் புஷ்கள், நீர்க் குழாய்கள், கதவு ஓரப் பட்டைகள், கியர்பெட்டியையும் பின் அச்சையும் இணைக்கும் வட்டத் தகடு, கடைசியாக டயர்கள். வெயிலில் விட்ட கித்தாப் பட்டை எப்படி வெடித்து உயிரற்றுப் போகும் என்பதைக் கண்டவர்கள் நாம். சூடும், காற்றிலுள்ள ஓசோனும், எண்ணெயும் கித்தாவுக்குப் பகைவர்கள். காரின் அடியில் இம்மூன்றும் உண்டு.

ஏறத்தாழ 1,800 கிலோ எடையுள்ள கார் இது. அத்தனை எடையையும் வேகத்தையும் தாங்கும் கித்தா தளர்ந்துவிட்டால், குழிகளில் டக்டக்கென்று ஓசை வரும். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கும். கியர் மாறும்போது அடியில் தொம்மென்று அடிக்கும். இவற்றில் எதுவும் தனித்தனியே பெரிய பழுது அன்று. ஆனால் ஒன்றை மாற்றினால் அடுத்தது, அடுத்ததை மாற்றினால் அதற்கடுத்தது என்று, ஓட்டைப் பானையில் நீர் நிரப்பிய கதையாகப் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

டயரைப் பற்றி ஒரு சொல். இது எல்லாக் காருக்கும், மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் கொண்ட ஒரு முத்திரை இருக்கும். 1516 என்று இருந்தால், 2016ஆம் ஆண்டின் 15ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ ஆழமாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். அதிகம் ஓடாமல் கொட்டகையில் நின்ற காரின் டயர், பார்வைக்குப் புதிதாகவும் உள்ளே கிழமாகவும் இருக்கும். வேகமாக ஓடும் காரில் அது வெடித்தால், இழப்பது பணம் மட்டும் அன்று.

நான்காவது, சூடு. குளிர்நாட்டில் பிறந்த கார், கிள்ளான் பள்ளத்தாக்கு நெரிசலில் குளிர்சாதனத்தையும் போட்டுக்கொண்டு நிற்கும்போது எவ்வளவு சூடாகும்! இந்த இஞ்சின்களில் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. எட்டு சிலிண்டர் இஞ்சினின் உடலும் அலுமினியமே. ரேடியேட்டரில் துருத்தடுப்பு மருந்து கலந்த குளிர்நீரை ஊற்றாமல், குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தவர்களின் காரில், உள்ளே அரிப்பு ஏற்பட்டிருக்கும். ஒரு முறை இஞ்சின் அளவுக்கு மீறிக் கொதித்துவிட்டால், தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் போய்விடும். தலையே வளைந்தும் போகலாம்.

காரைப் பார்க்கப் போகும்போது, இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நேரத்துப் பழுதை மறைக்க முன்னரே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அதன் அடியில் பால்காப்பி நிறத்தில் நுரை இருந்தால், எண்ணெயில் நீர் கலந்திருக்கக்கூடும். இஞ்சினைக் கிளப்பியதும் சங்கிலி உராயும் சத்தம் சில விநாடிக்கு மேல் கேட்கிறதா என்று காது கொடுங்கள். எட்டு சிலிண்டர் இஞ்சினில், சங்கிலியை வழிநடத்தும் பிளாஸ்டிக் தண்டவாளங்கள் வயதானால் உடையும். மேலே எண்ணெய் கொண்டுசெல்லும் சிறு பிளாஸ்டிக் குழாய்களின் இணைப்பு விட்டுப்போனால், தையல் இயந்திரம்போல் டிக் டிக் என்று ஒலி வரும்.

பிறகு புகையைக் கவனியுங்கள். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்கவில்லை என்றால் நீர் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. இந்த மூன்று நிறத்தையும் நினைவில் வைத்தால், எந்தப் பழைய காரை வாங்கும்போதும் உதவும். கடைசியாக, குளிர்சாதனத்தைப் போட்டு அரை மணி நேரம் நின்றபடியே ஓடவிடுங்கள். வெப்பமானியின் முள் 80க்கும் 100க்கும் இடையே அமைதியாக நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால், அந்தக் கார் உங்களுக்கு வேண்டாம். குளிர்சாதனம் குளிரவில்லை என்றால், "காஸ் நிரப்பினால் சரியாகும்" என்ற பேச்சை நம்பிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் குளிர்விப்பான் ஓட்டையாகியிருந்தால், முன்பலகை முழுவதையும் கழற்றித்தான் அதை எடுக்க முடியும். பாகத்தின் விலையைவிடக் கூலியே பெரிதாகும்.

ஐந்தாவது, கியர்பெட்டி. தானியங்கிக் கியரை ரிவர்சில் போட்டதும் ஓரிரு விநாடிக்குள் பிடிக்க வேண்டும். போட்ட பிறகு இஞ்சின் இரைந்து, கார் நெடுநேரம் கழித்து அசைந்தால், உள்ளே தேய்மானம் இருக்கிறது. கியர் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும்; கருகிய வாடை வீசக்கூடாது. 1996 முதல் வந்த மின்னணு ஐந்து வேகக் கியர்பெட்டியில் ஒரு தனிக்குறை உண்டு. அதில் வயர் நுழையும் செருகியின் வளையம் கசிந்தால், எண்ணெய் விளக்குத் திரியில் ஏறுவதுபோல் வயர் வழியே ஏறி, மின்னணுப் பெட்டி வரை போய்ச் சேரும்.

ஆறாவது, நீர். கூரை மடியும் காரில் மழைநீர் வடியச் சிறு வழிகள் வைத்திருப்பார்கள். மரத்தடியில் நின்ற காரில் இலைச்சருகு அடைத்து, நீர் உள்ளே இறங்கும். கால்விரிப்பைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமா, மண்வாடையா என்று பாருங்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூரில், குறிப்பாக ஷா ஆலாமில், பெருவெள்ளம் வந்து எண்ணற்ற கார்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அப்படி மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்து விற்பவர்களும் இருப்பார்கள். இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள்; உள்ளே சுருண்டிருக்கும் நுனியில் சேற்றுக் கறை இருந்தால், அது வெள்ளத்தில் நின்ற கார்.

காரின் வயதைப் போலவே, அது ஓடிய தூரத்தையும் சோதிக்க வேண்டும். மீட்டரில் எண்பதாயிரம் கிலோமீட்டர் என்று இருக்கும். பிரேக் மிதியின் கித்தா மழுமழுவென்று தேய்ந்திருக்கும். ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தோல் கிழிந்திருக்கும். அப்போது மீட்டரை நம்பாதீர்கள், மிதியை நம்புங்கள்.

இனிப் பத்திரங்கள். காரின் கிராண்டில் உள்ள சேசி எண்ணும் இஞ்சின் எண்ணும், காரில் பொறித்த எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். உரிமை மாற்றத்துக்காகச் செய்யப்படும் அரசாங்கப் பரிசோதனையில் தேறிவிட்டது என்பதால் கார் நல்ல கார் என்று ஆகிவிடாது. அது அடையாளத்தையும் ஓட்டப் பாதுகாப்பையும் பார்க்கும் சோதனை. கியர்பெட்டி இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என்பதை அது சொல்லாது. வாடகைக்கு விடுவது என்றால் இன்னொன்றையும் எண்ண வேண்டும். சொந்தப் பயனுக்கு எடுத்த காப்புறுதி, கூலிக்கு ஓடும் காரைக் காக்காது. அதற்கு உரிய உரிமமும் காப்புறுதியும் தனி. கல்யாணத்தன்று விபத்து நேர்ந்தால், இழப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும்.

சாலைவரிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தீபகற்ப மலேசியாவில், சொந்தக் காருக்கான பொதுக் கட்டணப்படி, 1,300 சிசி கொண்ட சிறிய காருக்கு ஆண்டு வரி 70 வெள்ளி. எஸ்எல் வரிசையில் சிறியவற்றுள் ஒன்றான 2,799 சிசி காருக்கு 1,627 வெள்ளி 50 காசு. ஐந்து லிட்டர் காருக்கோ, அதாவது 4,973 சிசிக்கு, 11,008 வெள்ளி 50 காசு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அப்படியானால், பெட்ரோல் ஒரு சொட்டு ஊற்றுவதற்கு முன்பே, ஆறு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை வரியாகப் போய்விடுகிறது. அதன்பின் நகரத்தில் நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து லிட்டருக்கும் மேல் பெட்ரோல் வேண்டும். இதைத்தான் ஆனையைக் கட்டித் தீனி போடுவது என்பது.

அப்படியானால், இத்தகைய காரை யாருமே வாங்கக்கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பட்டறைகளில் வேலை கற்றுத் தேர்ந்த கைகாரர்களாக இருக்கிறார்கள். உருளையைக் கழற்றி வளையம் மாற்றவும், வயர்க்கட்டைச் சீர்படுத்தவும் தெரிந்த ஒருவனுக்குக் கூலிச்செலவு மிச்சம். ரசீதுகளோடு ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட காரைச் சற்று அதிக விலை கொடுத்து வாங்குவதே, குறைந்த விலையில் கேட்பாரற்றுக் கிடந்த காரை வாங்குவதைவிட மலிவு என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவனும்கூட, காரின் விலைக்கு ஈடான இன்னொரு தொகையைப் பழுதுக்கென்று ஒதுக்கி வைத்த பிறகே கை நீட்ட வேண்டும். மிகப் பழைய காருக்கு வங்கிகள் தவணைக் கடன் தருவது அரிது. ஆதலால் போடும் பணம் முழுவதும் சொந்தக் கைப்பணம் என்பதை மறக்கலாகாது.

பெற்றோர்களே, மகன் ஆசைப்பட்டுக் கேட்கும்போது, "கூடாது" என்று ஒரே சொல்லில் தட்டிவிடாதீர்கள். "வா தம்பி, போய்ப் பார்ப்போம். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பிக் காட்டச் சொல். கூரையை மூன்று முறை திறந்து மூடச் சொல். விரிப்பைத் தூக்கிப் பார். வரியைக் கணக்குப் போடு" என்று கூடவே போங்கள். கூடவே, விற்பவருக்கு உறவோ நட்போ இல்லாத ஒரு பட்டறைக்காரரையும், கூலி கொடுத்தாவது அழைத்துச் செல்லுங்கள். இத்தனையும் பார்த்த பிறகு, பெரும்பாலும் மகனே வேண்டாம் என்று சொல்லிவிடுவான். வேண்டும் என்று சொன்னால், அது கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த முடிவாக இருக்கும்.

முன்பணம் கொடுக்குமுன் ஒரு நாள் பொறுத்திருங்கள். "இன்னொருவர் வந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், இன்றே முடிவு சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடம், "அவருக்கே கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். காரைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பியதால் நட்டப்பட்டவர் எவரும் இல்லை.